பத்து வயதில் எடுத்த பேனா: முப்பது வருஷம் கழித்து எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேள்வி (தாழ்வாரம்)

தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் பச்சை இங்க் பேனாவை எடுத்துவிட்டார். யார் எடுத்தது என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. சந்தேகம் இன்னொரு பையன் மேல் விழுந்தது. அப்போதும் பேசவில்லை.

இப்போது வயது நாற்பது. பேனா அவரிடம்தான் இருக்கிறது, அதில் ஒரு வரி எழுதியதில்லை. உள்ளே பழைய மை காய்ந்து கிடக்கிறது. பேனாவின் உடம்பில் உரிமையாளரின் முதலெழுத்தை ஊசியால் கீறியிருக்கிறார்கள். அந்த எழுத்தைச் சுரண்டி அழிக்கப் பார்த்த தடமும் குறுக்கே ஓடுகிறது. அந்தத் தடம்தான் அவரை அதிகம் வதைக்கிறது.

பேனாவுக்குச் சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியும், நெருக்கமான பழக்கமில்லை. போனில் சொல்வதா, கடிதமா? என்ன எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது? பேனாவைப் பழுது பார்த்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா? இத்தனை வருஷம் கழித்து இது ஏன் இப்படி அரிக்கிறது என்றும் யாராவது சொன்னால் நல்லது. "சின்ன வயசு, விட்டுத்தள்ளு" என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், அது உதவவில்லை.

பதில் 1 (ஈரமணல்)

நீங்கள் கேட்டதில் பேனா பெரிதாகத் தெரிகிறது, சந்தேகப்பட்ட பையன் ஒரு வரியில் முடிந்துவிட்டான். வரிசையை மாற்றுங்கள். பேனாவை இழந்தவருக்குப் போனது ஒரு பொருள். மற்றவனுக்குப் போனது பெயர். அந்தப் பழி இன்னும் முழுக்கத் தீரவில்லை. பேனாக்காரர் இன்றைக்கும் அவன்தான் எடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு மனதிலாவது அதை இப்போதே திருத்த முடியும். அதனால் கடிதத்தில் "நான் எடுத்தேன்" என்பதை விட "அவன் எடுக்கவில்லை" என்பதுதான் முக்கியமான வாக்கியம்.

இரண்டு பழைய உதாரணங்கள் இதற்குப் பொருந்தும். ஜெனீவாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய சிந்தனையாளர் ரூசோ, 1728இல், பதினாறு வயதில், வேலை பார்த்த வீட்டில் ஒரு பழைய ரிப்பனைத் திருடினார். மாட்டிக்கொண்டதும் மரியோன் என்ற சமையல்காரப் பெண் கொடுத்தாள் என்று பழியைத் தள்ளிவிட்டார். இருவருக்கும் வேலை போனது. பல பத்தாண்டுகள் கழித்து அதை அவர் விரிவாக எழுதினார். ஆனால் சொன்னது வாசகர்களிடம், மரியோனிடம் அல்ல. இன்னொருவர் காந்தி. பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து துளித் தங்கம் எடுத்ததை ஒரு தாளில் எழுதித் தன் கையாலேயே அப்பாவிடம் கொடுத்தார். அது சரியான ஆளுக்குப் போன கடிதம். தண்டனை கொடுங்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். அப்பாவிடம் அப்படிக் கேட்கலாம். முப்பது வருஷம் பார்க்காத வகுப்புத் தோழரிடம் கேட்கக் கூடாது, அது அவர் தலையில் ஒரு வேலையைக் கட்டுவது.

போன் வேண்டாம். போனில் சொன்னால் எதிரே இருப்பவர் அந்த நொடியே ஏதாவது சொல்லியாக வேண்டும். மரியாதைக்கு "அட, அதெல்லாம் இப்ப எதுக்கு" என்பார். வைத்த பிறகுதான் யோசிப்பார். கடிதமென்றால் மடித்து வைக்கலாம், ஒரு வாரம் கழித்து எடுத்துப் படிக்கலாம், பதில் போடாமலும் இருக்கலாம்.

அரைப் பக்கம் போதும். மாதிரிக்கு:

"ஐந்தாம் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுதுகிறேன். அப்போது காணாமல் போன உங்கள் பச்சைப் பேனாவை எடுத்தது நான். (இன்னார்) எடுக்கவில்லை. அவன் மேல் சந்தேகம் வந்தபோது உண்மை தெரிந்தும் நான் பேசவில்லை. இரண்டுமே என் தப்பு. பேனா என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் முகவரி அனுப்புங்கள், அனுப்பி வைக்கிறேன். வேண்டாம் என்றாலும் சரி. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை."

இதைக் கெடுப்பவை எவை என்றும் பாருங்கள். "உங்களுக்கு மறந்திருக்கும்": மறந்தாரா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். "விவரம் தெரியாத வயசு": உண்மையாக இருக்கலாம், ஆனால் அதை அவர் சொன்னால் பெருந்தன்மை, எடுத்தவர் சொன்னால் சாக்கு. "முப்பது வருஷமாகத் தூங்கவில்லை": இதைப் படித்தவர் உங்கள் நண்பரைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "மன்னித்துவிடுங்கள்" என்பதும் ஒரு கோரிக்கைதான், "என் தப்பு" என்பதோடு நிறுத்தலாம். வகுப்பில் "நீ" என்று கூப்பிட்டிருப்பார். கடிதத்தில் "நீங்கள்" போடட்டும். உறவை எந்த இடத்தில் வைப்பது என்று பெறுபவர் முடிவு செய்யட்டும்.

சந்தேகப்பட்டவருக்குத் தனியாக இன்னொரு கடிதம். அதில் கூடுதலாக ஒரு கேள்வி மட்டும்: "இதை வேறு யாரிடமாவது நான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" அவர் கேட்காமல் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டாம். இந்த விஷயத்தில் நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு அதுதான். நூறு பேர் கைதட்டுவார்கள், அவருக்கோ மறந்துபோன அவமானம் மறுபடி மேடை ஏறும். முகவரி கேட்க இடையில் ஒருவர் தேவைப்பட்டால், என்ன காரணம் என்று அவரிடம் சொல்லத் தேவையில்லை.

பதில் 2 (நிப்புமுனை)

பேனாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுத்தம் செய்யலாம், புதிதாக்கக் கூடாது. முதலில் மூடி. இறுகியிருந்தால் குறடு வைத்துத் திருகினால் விரிசல் விடும். காய்ந்த மைதான் மரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைக் கீழே வைத்து, மூடியும் கழுத்தும் சேரும் இடம் வரை சாதாரணத் தண்ணீரில் சில மணி நேரம் நிற்க வையுங்கள், பிறகு கையால் மெதுவாகத் திருகுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. பழைய பேனா எபோனைட்டாக இருந்தால், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பராக இருந்தால், வெந்நீர் பட்டு நிறம் பழுப்படித்துவிடும். பிளாஸ்டிக்காக இருந்தால் வளையும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் இரண்டும் ஆகாது, பல பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும் அல்லது விரிசல் விட வைக்கும்.

பிறகு நிப்பை, கழுத்து மூழ்கும் வரை, தண்ணீரில் விடுங்கள். நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் பள்ளங்களில்தான் மை பாறை மாதிரி படிந்திருக்கும். தண்ணீர் நிறம் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள் ஆகும். நிப்பைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

உள்ளே மை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உடம்பிலேயே நேராக மை ஊற்றும் வகை என்றால் கழற்றிக் கழுவி, திறந்தபடி நிழலில் உலர விட்டால் போதும். ரப்பர் குழாய் வைத்த வகை என்றால் குழாய் இத்தனை வருஷத்தில் கெட்டியாகியிருக்கும். அதன் நெம்புகோலை இழுத்தாலோ அழுத்தினாலோ குழாய் நொறுங்கும், நெம்புகோலும் வளையும். தொடாமல் விடுங்கள். எழுத வேண்டுமா வேண்டாமா என்பது அவருடைய பேனா, அவருடைய முடிவு.

அந்த எழுத்தும் சுரண்டல் தடமும் அப்படியே இருக்கட்டும். பற்பசை, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் வேண்டாம். சுரண்டலை மறைக்க மெருகேற்றினால் கீறிய எழுத்தும் சேர்ந்து தேயும், எடுத்த அன்று செய்யப் பார்த்த அதே வேலையை இப்போது முடித்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

அனுப்பும்போது உள்ளே மையோ ஈரமோ இருக்கக் கூடாது. மென்மையான பருத்தித் துணியில் சுற்றி, கெட்டியான அட்டைக் குழாயில் ஆடாமல் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், இளகி ஒட்டும், உலோகத்தைக் கறுக்க வைக்கும். மெத்தென்ற பிவிசி உறையும் வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் கசிந்து பேனாவின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

கூடவே ஒரு விலை உயர்ந்த புதுப் பேனாவை வைத்துவிடலாம் என்று தோன்றும். வைக்காதீர்கள். அது அவருக்குக் கடன் மாதிரி ஆகும்.

பதில் 3 (அரைநிலா)

ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டிருந்தீர்கள். 1971இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டினார். "நான் செய்தது கெட்டது" என்பது முதலாவது. "நான் கெட்டவன்" என்பது இரண்டாவது. முதலாவதற்குச் செய்ய ஒரு வேலை உண்டு: ஒப்புக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது. செய்தால் அடங்கும். இரண்டாவதற்கு அப்படி ஒரு வேலை இல்லை. அதனால் ஒளிய வைக்கும், ஒளிந்தால் வளரும். பேனாவை எழுதவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் வைத்திருப்பது இரண்டும் கலந்த நிலை.

வயதையும் ஒரு அளவுகோலாக வைக்க வேண்டும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே 1932இல் எழுதியபடி, சின்னக் குழந்தைகள் தப்பை நோக்கத்தால் அளப்பதில்லை, சேதத்தின் அளவால் அளக்கிறார்கள். நோக்கம் பார்க்கும் பழக்கம் ஏழெட்டு வயதுக்கு மேல் வலுக்கிறது. பத்து வயதில் "இது இன்னொருத்தன் பொருள்" என்பது நன்றாகத் தெரியும். ஆனால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று ஒப்புக்கொள்ளும் தைரியம் பெரியவர்களுக்கே அரிது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பையனை எடைபோட வேண்டும்.

ஈரமணல் சொன்னதோடு எனக்கு ஒரே ஒரு இடத்தில் மாறுபாடு. கடிதத்தை உடனே எழுதி அனுப்ப வேண்டாம். முதலில் நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தனக்காக மட்டும் எழுதட்டும். 1986இல் வெளியான ஆய்வில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் பயன்படுத்திய முறை இது. பிழை பார்க்காமல், நிறுத்தாமல் எழுத வேண்டும். முதல் நாள் மனம் இன்னும் கனமாகலாம், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். தூக்கமின்மை, சுரண்டல் தடம், பயம் எல்லாம் அதில் போகட்டும். எழுதியதைக் கிழித்துப் போடலாம். அனுப்பும் கடிதம் தானாகவே அரைப் பக்கத்துக்கு இறங்கிவிடும்.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இந்த நினைவு திடீரென்று இப்போது ஏன் இவ்வளவு பெரிதாகிறது? மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்று, அளவுக்கு மீறிய குற்ற உணர்வு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, பழைய சின்னத் தப்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தால், கடிதத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

இன்னொன்று ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாத மனநலச் சிக்கல். ஒப்புக்கொண்டதும் நிம்மதி வரும், சில மணி நேரத்தில் போய்விடும். "ஒரு விவரத்தை விட்டுவிட்டேனோ" என்று மறுபடி சொல்லத் தோன்றும். "நான் கெட்டவன் இல்லைதானே?" என்று வீட்டில் ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பார். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகும். அப்படியிருந்தால் கடிதம் குணமாக்காது, இன்னொரு சுற்றுக்குத்தான் வழி விடும். அதற்கு, அந்த எண்ணத்தை எதிர்கொண்டு, ஒப்புக்கொள்ளும் உந்துதலுக்கு இடம் கொடுக்காமல் பழகும் சிகிச்சை இருக்கிறது. பயிற்சி பெற்ற உளவியலாளரிடம்தான் செய்ய வேண்டும்.

தாழ்வாரம்

மிக்க நன்றி. ஓசிடி அடையாளங்கள் இல்லை, இதுவரை சம்பந்தப்பட்ட யாரிடமும் சொன்னதே இல்லை. இரண்டு சந்தேகம். சந்தேகப்பட்ட அந்தத் தோழர் உயிரோடு இல்லை என்று கேள்விப்பட்டோம். அப்படியானால்? இன்னொன்று, அதே வயதில் வீட்டில் தாத்தாவின் மேசை டிராயரிலிருந்து கொஞ்சம் பணமும் எடுத்திருக்கிறார்.

ஈரமணல்

முதலில் அது உறுதிதானா என்று பாருங்கள், கேள்விப்பட்டது தப்பாகவும் இருக்கலாம். உறுதியானால், அவர் வீட்டாரைத் தேடிப் போவதற்கு முன் ஒன்று யோசியுங்கள்: அவர்களுக்கு அந்தப் பழி தெரியுமா? தெரியாத வீட்டில் போய்ச் சொன்னால், "உங்கள் பிள்ளையை ஒரு காலத்தில் திருடன் என்று நினைத்தார்கள்" என்ற புதுத் துக்கத்தைத்தான் கொண்டுபோய் வைக்கிறோம். தெரியும் என்றால் அவசியம் சொல்ல வேண்டும். அம்மாவோ அப்பாவோ இருந்தால் நேரில், பத்து நிமிஷத்துக்குள், நியாயம் எதுவும் சொல்லாமல். தெரியாது என்றால் பேனாக்காரருக்குப் போகும் கடிதத்தில் அவர் பெயரை முழுசாக எழுதுங்கள், "வேறொரு பையன்" என்று எழுதாதீர்கள். அன்று அதை நம்பிய ஆசிரியர் இருந்தால் அவருக்கும் அதே கடிதத்தின் ஒரு படி போகலாம்.

அரைநிலா

பணத்துக்கு: தாத்தா இருந்தால் அவரிடம் சொல்லிக் கொடுப்பது, இல்லையென்றால் அந்தப் பணம் யாருக்குப் போயிருக்குமோ அவர்களுக்கு. எடுத்த தொகையை அப்படியே கொடுத்தால் குறைவு. 6 சதவீதக் கூட்டு வட்டியில் பணம் சுமார் 12 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், 30 வருஷத்தில் ஏறக்குறைய 5.7 மடங்கு. 10 எடுத்திருந்தால் 57 என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்று நினைவில்லாவிட்டால், நினைவுக்கு வரும் தொகைகளில் பெரியதை எடுத்துக் கணக்குப் போடுங்கள், ஒரு முறைதான், அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். டிராயரில் தெரியாமல் போட்டுவிட்டு வருவது தீர்வாகாது. அன்று அந்தப் பணம் குறைந்ததற்கு வீட்டில் யார் மேல் பேச்சு விழுந்தது என்று அவருக்கு நினைவிருக்கிறதா? இருந்தால், பேனாக் கடிதத்தில் எழுதியது போல, அந்தப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிப்புமுனை

கடிதமும் பேனாவும் ஒரே பார்சலில் வேண்டாம். கடிதம் முதலில். அவர் முகவரி அனுப்பினால் பேனா. அனுப்பவில்லை என்றால் இப்போது இருக்கும் இடத்திலேயே, கழுவி உலர்த்தி, வெயில் படாமல் வைத்திருக்கட்டும். ஒரு வருஷம் கழித்தும் கேட்கலாம்.