டோரிக் லென்ஸ் கோணலா இருக்கான்னு பாக்குறதுக்கு என்ன சொல் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க கையில குடுக்கிற தாளைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன், ஒரு வரியில மாட்டிக்கிட்டேன். டோரிக் லென்ஸ் (கார்னியா, அதாவது கண்ணோட முன்பக்கக் கண்ணாடிப் படலம், எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி வளையாதவங்களுக்கு வைக்கிற லென்ஸ்) வச்சவங்களுக்கு மறுநாள் "அலைன்மென்ட் செக்" உண்டுன்னு இருக்கு. ஐயா குடுத்த சொல் "வில்லை ஒழுங்கமைவுச் சரிபார்ப்பு". ஐயா தப்பா நெனைக்காதீங்க, இதை எங்க அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன், "லென்ஸ் ஒழுங்கா இருக்கான்னு பாப்பாங்க, அதானே"ன்னுட்டாங்க. எதுக்கு நேரா ஒழுங்குங்கிறது அந்தச் சொல்லுல இல்லையே.

சாதா லென்ஸ் உள்ள எப்படித் திரும்பி உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது, எல்லாப் பக்கமும் ஒரே பவர். டோரிக் அப்படி இல்ல. மெதுவடையோட வெளி ஓரத்தை நெனைச்சுக்கோங்க, சுத்திவர ஒரு வளைவு, மேலிருந்து கீழ இன்னொரு வளைவு, ரெண்டும் வேற வேற (டோரஸ்னாலே அந்த உருவம்தான்). கார்னியா எந்தத் திசையில அதிகமா வளைஞ்சிருக்கோ அதுக்கு நேரா லென்ஸ் ஓரத்துல இருக்கிற புள்ளிங்க வரணும். ஒரு டிகிரி தப்பினா சுமார் 3.3 சதவீதத் திருத்தம் போச்சு, 10 டிகிரின்னா மூணுல ஒரு பங்கு, 30 டிகிரின்னா டோரிக் வச்சதே வீண், அதையும் தாண்டினா முன்னால இருந்ததை விட சிலிண்டர் பவர் (அந்தச் சமமில்லாத வளைவால வர்ற பவர்) கூடிடும்.

அத்தைக்கு செக் பண்ணப்ப பக்கத்துலயே நின்னேன். சொட்டு மருந்து விட்டு கண் பாப்பா நல்லா விரியிற வரைக்கும் உக்கார வச்சிட்டு, அப்புறம் ஸ்லிட் லாம்ப்ல (வெளிச்சம் அடிச்சுக் கண்ணைப் பெருசாக்கிப் பாக்குற கருவி) தாடையை வைக்கச் சொல்லி, வெளிச்சத்தை நூல் மாதிரி மெலிசாக்கி, அந்தக் கோட்டைத் திருகித் திருகி இந்தப் பக்கப் புள்ளியும் அந்தப் பக்கப் புள்ளியும் அதுமேலயே விழுற எடத்துல நிறுத்தி டிகிரியைப் படிச்சாங்க. வைக்க நெனைச்சது 90, இருந்தது 94. நடுவுல ரெண்டு தடவ "தலையைச் சாய்க்காதீங்கம்மா"ன்னாங்க, தலை சாஞ்சா ரீடிங்கும் சாஞ்சிடுமாம்.

அதனால என் யோசனை "அச்சுக்கோணல்". கண்ணாடிக் கடைச் சீட்டுல ஆக்சிஸ்னு போடுறாங்களே, அந்த அச்சுதான். கோணம், கோணல் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, டிகிரியில அளக்கிற விஷயம்னு தானாப் புரியும். "விலகல்" வேண்டாம், லென்ஸ் நடுவுல இருந்து நகர்ந்து போறதுக்கு "மைய விலகல்" தேவைப்படும். "சாய்வு" ஒரு பக்கம் தூக்கி நிக்கிறதுக்கு. "பொருத்தம்" கூடவே கூடாது, லென்ஸ் பொருத்துறதுன்னு ஏற்கனவே சொல்றோம், போதாததுக்கு அத்தை ஜாதகத்தை எடுத்துடுவாங்க.

——

தம்பிக்கு,

வடை நன்று, ஏற்றுக்கொண்டேன். ஒழுங்கமைவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரண்டு ஐயம். ஒன்று, "அச்சுக்கோணல் சோதனை" என்று தாளில் பார்த்தால் கோணலாகவே வைத்துவிட்டார்கள் போலும் என்று நோயாளி அஞ்சமாட்டாரா? இரண்டு, வைத்த பிறகு லென்ஸ் சுழல்வதையும் இதே சொல்லால்தான் குறிப்பீர்களா?

——

ஐயா, ரெண்டாவது கேள்விதான் முக்கியமானது, நான் கோட்டை விட்டுட்டேன். வைக்கும்போதே தப்பா வச்சா லென்ஸ் திரும்பவே இல்ல, ஆனாலும் கோணல்தான். படுத்தா கண்ணே கொஞ்சம் உருண்டுக்கும், அதான் உக்கார வச்சு மையால குறி வைக்கிறாங்க, அந்தக் குறியே பிசகினா இந்தக் கேஸ். சரியா வச்சு அப்புறம் சுத்திக்கிட்டா அது "திரும்பல்", பெரும்பாலும் முதல் நாளுக்குள்ளயே நடந்துடுது. ஆபரேஷன் முடிஞ்ச உடனே எந்த டிகிரியில இருந்துச்சுன்னு எழுதி வைக்கலேன்னா மறுநாள் பாக்குறது கோணலா திரும்பலா, ரெண்டும் சேந்ததான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால ரெண்டு சொல்லும் வேணும். திருத்தி வைக்கிறதுக்குப் புதுசா எதுவும் வேண்டாம், "திருப்பி வைத்தல்" போதும், லென்ஸ் இருக்கிற பை சுருங்கி அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிறதுக்கு முன்னால சில வாரத்துக்குள்ள செய்யிறது.

பயப்படுவாங்கங்கிறதும் சரிதான். சோதனைக்கு மட்டும் "அச்சுநிலை பார்த்தல்"னு வச்சுக்குவோம், அதுல நல்லது கெட்டது ரெண்டும் இல்ல. "அச்சுநேர்மை"ன்னும் யோசிச்சேன், லென்ஸ் லஞ்சம் வாங்குமான்னு கேப்பாங்க. பாத்து வர்ற டிகிரிக்கு "கோணல் அளவு". தாள்ல இப்படிப் போடுறேன்: "நாளை அச்சுநிலை பார்க்கப்படும். சொட்டு மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்."

அத்தை கோணல் அளவு 4. அவங்களுக்கு டாக்டர் எதையும் தொடல.