கும்பல் சண்டை: எங்கே இழுக்கிறது, எங்கே இடறுகிறது (அனுபவப் பகிர்வு)

12 கோப்ளின், 3ஆம் நிலையில் (லெவல்) நான்கு ஆட்டக்காரர்கள், திறந்த வெளி

எண்கள் எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டின் 2014 பதிப்பு (5ஆம் பதிப்பு). கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 7, தாக்குதல் +4 (பகடையில் விழுவதோடு கூட்டுவது), அடி விழுந்தால் சராசரி 5. ஒவ்வொன்றையும் நகர்த்தி, டி20 (இருபது பக்கப் பகடை) உருட்டி, டேமேஜ் (ஹெச்பி இழப்பு) உருட்டிச் சொல்ல 20 வினாடி என்று வையுங்கள். ரவுண்டுக்கு 4 நிமிடம் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தனியாக ஆடிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.

இதற்கு டிஎம் கையேட்டிலேயே ஒரு கும்பல் அட்டவணை இருக்கிறது. எதிராளியின் ஏசியிலிருந்து தாக்குதல் போனஸைக் கழியுங்கள். வருகிற எண்தான் டி20இல் விழ வேண்டியது. அது 1 முதல் 5 வரை என்றால் எல்லாத் தாக்குதலும் படும். 6–12 என்றால் இரண்டுக்கு ஒன்று, 13–14 மூன்றுக்கு ஒன்று, 15–16 நான்குக்கு ஒன்று, 17–18 ஐந்துக்கு ஒன்று, 19 என்றால் பத்துக்கு ஒன்று, 20 என்றால் இருபதுக்கு ஒன்று.

ஏசி 18 உள்ள ஃபைட்டரை (கவசம் போட்ட போர்வீரர்) எடுத்துக்கொள்வோம். 14 விழ வேண்டும், ஆக 12 கோப்ளினில் 4 அடி, 20 டேமேஜ். நிஜமாக உருட்டினால் 35 சதவீதம், சராசரி 4.2 அடி, 21 டேமேஜ். கிரிட்டிக்கலை (டி20இல் 20 விழுந்தால் டேமேஜ் பகடை இரட்டிப்பு) சேர்த்தால் இன்னொரு 2 கூடும். வித்தியாசம் சொற்பம்தான்.

இடறுவது 6–12 வரிசையில். ஏசி 10 உள்ள விஸார்டுக்கு (மந்திரவாதி) 6 விழுந்தாலே போதும், அதாவது நிஜத்தில் 75 சதவீதம், 12க்கு 9 அடி. அட்டவணையோ 6 அடிதான் தருகிறது. இரும்புக் கவசக்காரருக்கு நியாயமாக நடந்துகொள்ளும் அட்டவணை, கவசமே இல்லாதவருக்குக் குடை பிடிக்கிறது. அந்த வரிசையில் 6, 7, 8 வந்தால் மூன்றுக்கு இரண்டு அடி என்று மாற்றிக்கொள்வது சரியாக இருக்கும். ஐந்துக்குக் குறைவான எதிரிகளுக்கு அட்டவணையே வேண்டாம், பகடையை உருட்டுங்கள். 14 தேவைப்படும் இடத்தில் 2 கோப்ளின் நின்றால் அட்டவணைப்படி அவை என்றைக்கும் அடிக்கவே முடியாது.

மேலே உள்ள அதே 4 அடி, ஆனால் வாங்குபவர் கான்சன்ட்ரேஷனில் இருக்கிறார்

அடிகளை எண்ணிவிட்டு "மொத்தம் 20 டேமேஜ்" என்று ஒரே தொகையாகச் சொல்வதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கான்சன்ட்ரேஷன் என்பது போட்ட மந்திரத்தைக் கவனம் சிதறாமல் பிடித்துவைப்பது. அடி வாங்கினால் அது கலையாமலிருக்க உருட்டும் சேவ் (தப்பிக்கும் உருட்டல்) ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி. இலக்கு 10 அல்லது டேமேஜில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. கான் (உடல் திடம்) சேவ் +2 உள்ளவர் ஒரு முறை தப்பிக்க 65 சதவீதம். நான்கு முறை தொடர்ந்து தப்பிக்க 18 சதவீதம்தான். 20ஐ ஒரே அடியாகக் கணக்கிட்டாலும் பாதி 10 என்பதால் இலக்கு மாறாது, ஒரே சேவ், 65 சதவீதம். நேரத்தை மிச்சப்படுத்தப்போய் அந்த மந்திரத்தை டிஎம்மே காப்பாற்றிக் கொடுத்த மாதிரி ஆகிறது.

ஹெவி ஆர்மர் மாஸ்டர் ஃபீட் (பாத்திரத்தின் சிறப்புத் திறன்) எடுத்தவருக்கு இது எதிர்ப்பக்கமாகத் திரும்பும். மந்திரமில்லாத ஆயுதத்தின் ஒவ்வொரு அடியிலும் 3 குறைய வேண்டும். 4 அடி என்றால் 20 போய் 8. ஒரே தொகையாகச் சொன்னால் 17. அந்த ஃபீட் எடுத்ததே கோப்ளின் மாதிரிச் சில்லறை அடிகளுக்காகத்தான். ஆகவே "நாலு அடி, ஒவ்வொன்றும் 5" என்று சொல்லுங்கள். ஷீல்டு மந்திரம் (அடிபட்டதும் ஏசியை 5 ஏற்றுவது) போடவும் அப்போதுதான் இடம் இருக்கும். போட்டால் ஏசி 23, தேவை 19, நான்கு அடி ஒன்றாகச் சுருங்கும்.

4 கோப்ளின், 1ஆம் நிலை, பதுங்கித் தாக்குதல்

ஒரே வகை எதிரிகளுக்கு ஒரே இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்ற வரிசை எண்) உருட்டுவது விதியிலேயே உண்டு. 4 கோப்ளினும் ஒரே எண்ணில், ஆட்டக்காரர்களுக்கு முன்னால் வந்துவிட்டால்? விஸார்டுக்கு ஏசி 12, ஹெச்பி 8. நான்கும் அவரைக் குறிவைத்தால் 65 சதவீதம், 2.6 அடி, 13 டேமேஜ். அவர் இன்னும் பகடையையே தொடவில்லை, தரையில் கிடக்கிறார். விழுந்தபின் 5 அடி தூரத்துக்குள் நின்று ஒரு கோப்ளின் அடித்தால் அது தானாகவே கிரிட்டிக்கல், டெத் சேவில் (மூன்று தோல்வி என்றால் சாவு) இரண்டு தோல்வி. அப்படி இரண்டு அடி போதும், கதை முடிந்தது.

இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் தனி இனிஷியேட்டிவ் கொடுங்கள். 12 என்றால் நான்கு குழு. இடையில் ஒருவராவது நகரவோ குணப்படுத்தவோ வாய்ப்புக் கிடைக்கும். குழுவுக்கு ஒரு நிறம், அட்டைக் காயின் அடியில் நிறப்பொட்டு, அவ்வளவுதான் ஏற்பாடு. ஒவ்வொன்றுக்கும் தனி இனிஷியேட்டிவ் என்று போய்விடாதீர்கள். 12 பெயர் கொண்ட பட்டியலைத் தேடுவதிலேயே மிச்சப்படுத்திய நேரம் கரைந்துவிடும்.

6 ஹாப்கோப்ளின், 3ஆம் நிலை

இது தனியாக எச்சரிக்க வேண்டியது. கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (எதிரியின் கடினத்தைக் காட்டும் அனுபவப் புள்ளி), ஹாப்கோப்ளினுக்கு 100, கொஞ்சம்தானே கூட என்று மாற்றி வைப்பார்கள். ஏசி 18, ஹெச்பி 11, அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்து மார்ஷல் அட்வான்டேஜில் இருக்கிறது. குறிவைத்தவருக்கு 5 அடி தூரத்தில் இன்னொரு கூட்டாளி நின்றால், ஒரு திருப்பத்தில் ஒருமுறை 2டி6 (இரண்டு ஆறு பக்கப் பகடை) கூடுதல். கும்பலாக இருக்கும்போது கூட்டாளி எப்போதும் பக்கத்தில் நிற்பான். அடிக்குச் சராசரி 5 அல்ல, 12. 20 ஹெச்பி உள்ளவர் இரண்டு அடியில் சாய்வார். இவை வேண்டுமென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அல்லது ஆட்டக்காரர்கள் இவற்றைத் தள்ளிப் பிரிக்க இடம் இருக்கிற வரைபடமாக வையுங்கள்.

12 கோப்ளின், நடுவில் ஒரு ஃபயர்பால்

5ஆம் நிலை வந்ததும் கேட்கிற புலம்பல்: "இரண்டு மணி நேரம் தயார் பண்ணிய சண்டை ஒரே மந்திரத்தில் போச்சு." ஃபயர்பால் என்ற தீக்கோள மந்திரத்துக்கு ஆரம் 20 அடி, 8டி6, சராசரி 28. கோப்ளினுக்கு ஹெச்பி 7. சேவில் தப்பினாலும் பாதி, 14. மொத்தம் 14க்குக் குறைவாக விழுவது அபூர்வத்திலும் அபூர்வம். அப்புறம் எதற்கு 12 சேவ் உருட்டுவது? டேமேஜை முதலில் உருட்டச் சொல்லுங்கள். 14 வந்துவிட்டால் காய்களை எடுத்துவிடலாம்.

கட்டம் போட்டு ஆடினால் ஃபயர்பால் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களை மூடும். வரைபடம் இல்லாமல் வாய்மொழியாக நடத்துபவர்களுக்குக் கையேட்டில் ஒரு சூத்திரம்: வட்டம் என்றால் ஆரத்தை 5ஆல் வகு, கூம்பு என்றால் நீளத்தை 10ஆல், கோடு என்றால் 30ஆல். ஃபயர்பாலில் 4 பேர். இரண்டு முறைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதை ஆட்டத்துக்கு முன்பே விஸார்ட் ஆடுபவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சண்டை மூளும் கணத்தில் சொன்னால் பிடுங்கிக்கொண்டதாகத்தான் தோன்றும்.

எல்லாவற்றையும் முதல் ரவுண்டிலேயே களத்தில் இறக்காதீர்கள். 3ஆம் நிலையில் நான்கு பேருக்கு எதிராக 12 கோப்ளின் என்றால் 600 எக்ஸ்பி, எதிரிகள் 11–14 என்றால் கையேடு போடச் சொல்லும் மூன்று மடங்கில் 1,800. உயிராபத்து வரம்பே 1,600தான். அதையே 6ஆகப் பிரித்தால் 300க்கு இரண்டு மடங்கு, 600, நடுத்தரம். இரண்டாவது ஆறும் 3ஆவது ரவுண்டில் வரட்டும். இடையில் ஓய்வு இல்லாததால் இரண்டு நடுத்தரச் சண்டையைவிடக் கொஞ்சம் கடினமாகவே இருக்கும், ஆனால் ஒரே மந்திரத்தில் முடியாது.

ஒரு கட்டம் அகலமுள்ள தாழ்வாரம், அதே 12

திறந்த வெளிக் கணக்கு இங்கே செல்லாது. வெளியிலேயே ஒருவரைச் சுற்றி 8 கட்டம்தான், மிச்சம் 4 வில் எடுக்கும். தாழ்வாரத்தில் முன்னால் ஒன்றுதான் வாள் வீசும். பின்னால் உள்ள 11 அம்பு விடலாம், ஆனால் நடுவில் நிற்கும் சகாக்களால் இலக்குக்குப் பாதி மறைப்பு, ஏசியில் +2. ஏசி 18 இப்போது 20. தேவை 16, நான்குக்கு ஒன்று, 11க்கு 2 அடி. இந்த +2 பலருக்கு மறந்துபோகும். மறந்தால் 3 அடி.

ஹெச்பி குறிப்பதும் ஓடவிடுவதும்

12 வரிசையில் 7லிருந்து கழித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே அடியில் 7 அல்லது அதற்குமேல் விழுந்தால் செத்தது. குறைவென்றால் காய் பக்கத்தில் ஒரு மணி வையுங்கள், அடுத்த அடியில் செத்தது. 2 + 2 டேமேஜுக்குச் சாகுமே என்றால், சாகட்டும். 4ஆம் பதிப்பின் மினியன் (சில்லறை எதிரி) இன்னும் ஒரு படி மேலே: ஹெச்பி 1, ஆனால் குறி தவறிய தாக்குதல் அதற்கு டேமேஜே தராது. 13த் ஏஜ் என்ற இன்னொரு விளையாட்டில் "மூக்" (mook) எனப்படும் சில்லறை எதிரியை வெட்டிய டேமேஜில் மிச்சம் அடுத்த சில்லறை எதிரிக்குப் போகும். அந்த ருசி 5ஆம் பதிப்பில் வேண்டுமென்றால் கையேட்டில் விருப்ப விதியாக உண்டு: இதுவரை அடிபடாத எதிரி ஒரே வெட்டில் விழுந்தால், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள அடுத்ததன் ஏசியையும் அதே உருட்டல் தாண்டியிருந்தால், மிச்சம் அதற்கு.

கடைசிக் கோப்ளின் வரை வெட்டுவதுதான் எல்லாச் சண்டையும் இழுப்பதற்குக் காரணம். இதே விளையாட்டின் 1981 பேசிக் தொகுப்பில் மொரேல் (மன உறுதி) எண் உண்டு. கோப்ளினுக்கு 7. முதல் சாவிலும், பாதி விழுந்ததும் 2டி6 உருட்டி, 7க்கு மேல் வந்தால் ஓட்டம். ஒவ்வொரு முறையும் 42 சதவீதம் என்பதால் இரண்டுக்குள் ஓடிவிடும் வாய்ப்பு 66. 5ஆம் பதிப்பில் இலக்கு 10 விஸ்டம் சேவ், தலைவன் மட்டும் உருட்டினால் போதும். ஓடும் கோப்ளினுக்கு நிம்பிள் எஸ்கேப் திறன் இருப்பதால் போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்எங்கேஜ் (விலகும்போது எதிரி அடிக்க முடியாது) செய்து, மிச்ச ஆக்‌ஷனில் டாஷ் (இரட்டை ஓட்டம்) போட்டு ஒரே திருப்பத்தில் 60 அடி போய்விடும். எந்த வாசல் வழியாக என்பதைச் சண்டை தொடங்கும் முன்பே வரைபடத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.