சில்வண்டுச் சட்டை போட்ட சீன மருந்து: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

களுவாஞ்சிகுடி மகள்:
சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி லீவில் வந்தபோது அங்கே ஒரு சீன மருந்துக்கடையில் வாங்கிய பொட்டலத்தைக் கொண்டுவந்தான். அம்மாவுக்கு ஒரு வருசமாகத் தோல் கடி (அரிப்பு), இரவில் நித்திரையே இல்லை. பிரித்துப் பார்த்தால் வேர், பட்டைகளோடு சில்வண்டு மரத்தில் கழற்றிவிட்டுப் போகுமே, அந்தச் சட்டை கால்களோடு அப்படியே கிடக்கிறது. வெள்ளையாக விறைத்த புழுவும் இருக்கிறது. அவித்துக் குடிக்க வேண்டுமாம். மருந்துக்கு என்ன அருவருப்பு என்கிறார் அம்மா. எனக்குத்தான் பயம். அவர் இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை போடுகிறார், இறால் நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழைச்சேனைத் தம்பி:
அக்கா, நான் சீனாவில் மருத்துவம் படித்தவன். சில்வண்டுச் சட்டைக்கு அங்கே சான்துய் என்று பெயர். உடம்பில் 'காற்று' புகுந்துதான் கடியும் தடிப்பும் வருகிறது, அதை இது வெளியேற்றும் என்பது அவர்கள் கணக்கு, தொண்டை கட்டினாலும் இதைச் சேர்ப்பார்கள். வெள்ளைப் புழு ஜியாங்சான், அதாவது ஒருவகைப் பூஞ்சணம் பிடித்துச் செத்து விறைத்த பட்டுப்புழு, வலிப்புக்குக் கொடுப்பது. கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு அடிக்கடி சிறுநீர் போவதற்கு. கரப்பொத்தானில் இருந்து எடுக்கும் திரவத்தைப் புண் ஆறுவதற்குப் போத்தலில் விற்கிறார்கள், அதற்கென்று சிச்சுவானில் பெரிய பண்ணையே இருக்கிறது. 1596இல் அச்சான லீ ஷிசெனின் மருந்து நூலில் 1892 பொருட்கள், அதில் பூச்சிகளுக்குத் தனிப் பகுதி. ஆகவே இது யாரோ கடைக்காரன் கற்பனையில் கலந்தது இல்லை. ஆனால் இவ்வளவு காலம் குடித்தார்கள் என்பது அம்மாவுக்கு ஒத்துவரும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

கல்முனை பாமசி:
தங்கச்சி, கொடுக்க வேண்டாம். இறால், நண்டு, பூச்சி எல்லாம் கணுக்காலிகள், ஒரே குடும்பம் மாதிரி. ட்ரோபோமயோசின் என்ற புரதம் இவற்றில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் இறால் ஒத்துக்கொள்ளாதவருக்குப் புழுவும் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவித்தாலும் அந்தப் புரதம் இலேசில் அழியாது, கறியில் நன்றாக வெந்த இறால்கூடத் தடிக்க வைப்பது அதனால்தான். அடுத்தது வார்பரின். தோல் கடிக்கான பழைய சீனக் கூட்டு மருந்து ஒன்றில் சான்துய்யோடு டாங்குய் என்ற வேரும் உண்டு, அது வார்பரினோடு சேர்ந்தால் இரத்தம் உறைவது மேலும் குறைந்து உள்ளே கசியத் தொடங்கலாம். உங்கள் பொட்டலத்து வேர் எது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, பான்மாவ் என்ற கொப்புள வண்டும் சீன மருந்துதான். அதில் உள்ள காந்தரிடின் சில பத்து மில்லிகிராம் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகம் பழுதாகி ஆள் இறக்கலாம். அதே சரக்கை அளந்து வெளிப்பூச்சாக மட்டும் ஒரு தோல் நோய்க்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். எவ்வளவு, எங்கே, யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பரியாரி வீட்டுப் பேத்தி:
பாமசி அண்ணன் சொன்னது சரி. ஆனால் இதை வாசித்துவிட்டு 'சீனன் பூச்சி தின்னுறான்' என்று யாரும் நக்கலடிக்க வேண்டாம், அது எனக்குப் பொறுக்காது. நம் பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் காயே இல்லை. ஒருவகைக் குளவி சிந்தூர (ஓக்) மரத்தில் முட்டையிட, மரம் அதைச் சுற்றி வளர்க்கும் முடிச்சு அது. சீனத்தில் அசுவினிப் பூச்சி இன்னொரு மரத்தில் உண்டாக்கும் முடிச்சை வயிற்றோட்டத்துக்கு எடுக்கிறார்கள், இரண்டிலும் துவர்ப்பு தருவது ஒரே வகைத் தனின் சத்து. நம் மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்று பெருமைப்படுகிறோமே, அந்தத் தேனும் பூச்சி தந்ததுதான். என் தாத்தா எதை உரைக்க முதலும், இந்த ஆளுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்றுதான் கேட்பார். அந்தக் கடையில் அம்மாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

களுவாஞ்சிகுடி மகள்:
இல்லை அக்கா, தம்பி 'கடிக்கு மருந்து' என்று மட்டும் சொல்லி வாங்கியிருக்கிறான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், நேற்றுப் பின்னேரம் நான் வேலையில் இருந்தபோது அம்மா அரைக் கோப்பை குடித்துவிட்டாராம். உதடு கொஞ்சம் ஊறியது என்கிறார், இப்போது ஒன்றும் இல்லை.

கல்முனை பாமசி:
இனி ஒரு சொட்டும் வேண்டாம். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே ஆஸ்பத்திரி, கருப்பாக மலம் போனாலும் பல் முரசில் இரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே பொட்டலத்தோடு போய், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருசக் கடிக்கு சீனி, சிறுநீரகம், ஈரல், தைராய்டு என்று உள்ளேயும் காரணம் இருக்கலாம், அந்த இரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள்.

களுவாஞ்சிகுடி மகள்:
காலையில் முதல் பஸ்ஸில் போகிறோம். இறாலும் சில்வண்டும் ஒரே சாதி என்று சொன்னதும் அம்மா தானே பொட்டலத்தைக் கட்டி என் பையில் வைத்துவிட்டார்.