புதுப்பிப்பு: ஆண்களுக்கான மூக்குத் திருத்த அறுவை சிகிச்சை, 8 மாதம் கழித்து

மூக்குத் தண்டில் புடைத்திருக்கும் மேட்டைக் குறைத்தால் பெண் மூக்கு மாதிரி ஆகிவிடுமோ என்று இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எனக்கு உதவியது, மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான கோணத்தை டாக்டரிடம் கேட்கச் சொன்ன யோசனைதான். பெண்களுக்குப் பொதுவாக இந்தக் கோணம் 95 முதல் 110 டிகிரி வரை வரும்படி நுனியைத் தூக்கி, மூக்குத் தண்டைச் சற்றே குழிவாக்குவார்கள். ஆண்களுக்கு 90 முதல் 95 வரை, தண்டும் நேராக இருக்க வேண்டும். மூக்கு எப்படி மாறும் என்று டாக்டர் முதலில் காட்டிய கணினிப் படத்தில் நுனி ரொம்பத் தூக்கலாக இருந்ததால் மாற்றச் சொன்னேன், சரி என்று மேட்டை மட்டும் நேராக்கினார்கள். ஒரு வாரத்தில் கட்டு பிரித்தாயிற்று. எதிர்பாராதது வீக்கம்தான். ஆண்களுக்குப் பெரும்பாலும் தோல் தடிப்பு என்பதால் நுனி வீக்கம் மெதுவாகத்தான் வடிகிறது, ஒரு வருடம்கூட ஆகலாம், அப்புறம்தான் இறுதி வடிவம் தெரியும்.