எட்டு மாதக் குழந்தை, மெல்பர்ன்: அம்மா ஊருக்குப் போயாச்சு, இனி யாரைக் கேட்பது?

மதுரைப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். மெல்பர்ன் மேற்குப் பக்கம் இருக்கோம். பாப்பாவுக்கு எட்டு மாசம். பிரசவத்துக்கு வந்திருந்த அம்மா, விசிட்டர் விசா முடிஞ்சு மதுரைக்குப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் மலையாளி. அவங்க அம்மா வீடியோ கால்ல ஒண்ணு சொல்றாங்க, எங்கம்மா வேற ஒண்ணு சொல்றாங்க, கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) நர்ஸ் ரெண்டுக்கும் மாத்திச் சொல்றாங்க.

போன தடவை பாப்பா கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். நர்ஸ் குனிஞ்சு பார்த்து, காயமான்னு கேட்டாங்க. கட்டைவிரலால லேசா தொட்டதும் மை ஒட்டிக்கிச்சு. எனக்கு விளக்கிச் சொல்ற அளவுக்கு இங்கிலீஷ் வரலை, வீட்டுக்காரர்தான் சிரிச்சுக்கிட்டே ஏதோ சொன்னார். அப்புறம் தூளியில தூங்க வைக்காதீங்கன்னு சொன்னாங்க. அதுக்கும் தலையாட்டிட்டு வந்துட்டேன்.

முதல் குழந்தை பெத்தவங்களுக்குன்னு ஒரு குரூப் வெச்சாங்க. எல்லாரும் காபியும் கையுமா வேகவேகமா பேசுவாங்க. நான் பாப்பாவோட சாக்ஸைச் சரிபண்ற மாதிரி குனிஞ்சே உட்கார்ந்திருப்பேன். இப்ப போறதில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேற, வீட்ல மூணு பாஷை ஓடினா பேச்சு லேட்டாகும், இங்கிலீஷ் மட்டும் பேசுன்னு சொல்றாங்க. அடுத்த வாரம் எட்டு மாச செக்கப். என்ன கேட்கறது, யார்கிட்ட கேட்கறது?

டாண்டினோங் அம்மம்மா:

பிள்ளை, செக்கப்புக்குப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆனா மொழிபெயர்க்க விடாதேங்கோ. இண்டைக்கே கவுன்சிலுக்குப் போன் எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு சொல்லிப் பதிஞ்சு வையுங்கோ. நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஆள் நேர வராட்டி போனை ஸ்பீக்கரில போட்டுக் கதைக்கலாம். கவுன்சிலுக்கு எடுக்கவே இங்கிலீஷ் தடக்குது எண்டால் அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை 131 450க்கு எடுத்து, ‘தமிழ்’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவை ஒரு ஆளைப் பிடிச்சு, கவுன்சிலோட இணைச்சு விடுவினம்.

ஏன் இப்பிடி வற்புறுத்துறன் எண்டால், நான் கன காலமா இஞ்ச தாய்மாரோட நேர்ஸிட்டப் போய் வாறனான். அந்த நேர்ஸ்மார் பிள்ளையின்ர நிறையையும் உயரத்தையும் மட்டும் பாக்கிறேல்லை. தாய்க்கு நித்திரை வருதோ, சும்மா சும்மா அழுகை வருதோ, வீட்டில ஆரும் வெருட்டினமோ எண்டும் கேக்கிறவை. புருஷனோ மாமியோ நடுவில இருந்தால் எந்தத் தாய் வாய் திறப்பா? ‘ஓம், எல்லாம் நல்லா இருக்கு’ எண்டுதான் பதில் வரும். எங்கட பக்கத்துப் பிள்ளை ஒண்டு அப்பிடித்தான் மாசக்கணக்கா ‘ஓம்’ சொல்லிக்கொண்டிருந்தது. மனுசன் வேலைக்குப் போன நாளில, போனில ஒரு பொம்பிளைக் குரல் தமிழில ‘நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?’ எண்டு கேட்டது. அந்தப் பிள்ளை நேர்ஸின்ர மேசையில தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதது. அதுக்குப் பிறகுதான் வைத்தியம், துணை எல்லாம் ஒழுங்கானது.

மொழிபெயர்க்கிற ஆள் கோயிலில காணுற ஆளா இருந்திடுமோ எண்டு பயமெண்டால், வேற மாநிலத்து ஆளைப் போனில தாங்கோ எண்டு கேளுங்கோ. உங்கட பேரை அவவுக்குச் சொல்லவும் தேவையில்லை. கதைச்சதை அவை வெளியில சொல்லவும் கூடாது.

ஏணை, அதுதான் உங்கட தூளி, அந்த விசயத்தில நேர்ஸ் சொன்னது சரி. அது வளைஞ்சு கிடக்கேக்க குழந்தையின்ர தாடை நெஞ்சில முட்டும், மூச்சுப் பாதை சுருங்கும். என்ர மூண்டும் ஏணையில வளந்ததுகள்தான், எண்டாலும் பேரப்பிள்ளைக்கு நான் கட்டேல்லை. பொட்டு வையுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? கண்ணுக்குள்ள மை பூசாதேங்கோ, கடை மையில ஈயம் இருக்கக்கூடும்.

பக்கத்து வீட்டுக்காரியின்ர கதையை விடுங்கோ. நீங்கள் தமிழில கொஞ்சுங்கோ, அவர் மலையாளத்தில கொஞ்சட்டும். கன மொழி கேட்டு ஒரு பிள்ளையும் ஊமையாப் போறேல்லை. மூண்டு வயசில கிண்டர் எண்ட பாலர் பள்ளிக்குப் போனால் இங்கிலீஷ் தானா வரும்.

ராவில பிள்ளை வீரிட்டுக் கத்தினால் 13 22 29க்கு எடுங்கோ. எங்கட விக்டோரியா மாநிலத்தில அது 24 மணி நேரமும் நேர்ஸ் இருக்கிற லைன், மொழிபெயர்ப்பாளரும் கேக்கலாம்.

வென்ட்வொர்த்வில் அப்பா:

நாங்க சிட்னி. குழந்தையோட ஹெல்த் ரெக்கார்டு எங்களுக்கு நீலப் புத்தகம், உங்களுக்குப் பச்சைப் புத்தகம்னு நினைக்கிறேன். செக்கப்புக்கு மறக்காம எடுத்துட்டுப் போங்க. வைட்டமின் டி பத்தியும் கேளுங்க. நம்ம மாதிரி கறுப்புத் தோல்காரங்களுக்கு வெயில்லேர்ந்து அது கிடைக்கறது கம்மி. தாய்ப்பால் மட்டும் குடிச்ச குழந்தைன்னா சொட்டு மருந்து கொடுக்கச் சொல்வாங்க.

அம்மம்மா சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கறேன். தமிழ் ஆளுங்களைத்தான் தேடணும்னு இல்லை. என் மனைவிக்குக் கைகொடுத்தது பிளேகுரூப்ல (சின்னக் குழந்தைகளை வெச்சுக்கிட்டு பெத்தவங்க கூடி விளையாட விடற இடம்) இருந்த ஒரு வியட்நாம் பாட்டி. ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அதனாலயே நிதானமா பேசிக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க கூடினா பாப்பா வெயிட் என்ன, வீடு எப்ப வாங்கப் போறீங்கன்னு விசாரணை ஆரம்பிச்சுடும்.

மதுரைப் பொண்ணு:

ரொம்ப நன்றி அம்மா. அண்ணா, வீடு எப்ப வாங்கறீங்கன்னு எங்களையும் கேட்டாச்சு! மொழிபெயர்ப்பாளரைப் பதிஞ்சுட்டேன், பொண்ணாவே கேட்டிருக்கேன். பிளேகுரூப்ல சேர என்ன பண்ணணும்? எங்க தெருவுலயே கைக்குழந்தையோட ஒரு தெலுங்குப் பொண்ணும் ஒரு பஞ்சாபிப் பொண்ணும் இருக்காங்க. நாங்களே ஒண்ணு ஆரம்பிச்சா ஹால் வாடகையெல்லாம் யார் கட்டறது?

டாண்டினோங் அம்மம்மா:

ரெண்டு வகை இருக்குது பிள்ளை. கவுன்சில் ஆள் போட்டு இலவசமா நடத்திற சப்போர்ட்டட் பிளேகுரூப் ஒண்டு. அது அகதியா வந்தவை, ஹெல்த் கேர் கார்ட் (வருமானம் குறைஞ்சவைக்கு அரசாங்கம் குடுக்கிற சலுகை அட்டை) வைச்சிருக்கிறவை மாதிரி ஆக்களுக்கு. உங்கட விசாவுக்குச் சரிவருமோ எண்டு செக்கப்பில கேளுங்கோ. மற்றது தாய் தேப்பன்மார் தாங்களே நடத்திறது. அதுக்கு ஆரிட்டையும் அனுமதி கேக்கத் தேவையில்லை.

மூண்டு பேருக்கு ஹால் எதுக்கு? தெருமுனைப் பார்க்கில ஒரு போர்வையை விரியுங்கோ. மழை எண்டால் நூலகத்தில குழந்தைப் பாட்டு நேரத்துக்குப் போங்கோ, அதுக்கும் காசில்லை. ஆக்கள் கூடினாப் பிறகு ‘பிளேகுரூப் விக்டோரியா’ எண்ட அமைப்பில பதியிறதைப் பற்றிக் கதைப்பம். பஞ்சாபிப் பிள்ளையின்ர மாமி இஞ்சதான் இருக்கிறா எண்டால் அவவையும் கூப்பிடுங்கோ, தாய்மார் தேத்தண்ணி குடிக்கேக்க பிள்ளையளைத் தூக்க ஒரு ஆள் வேணும்.