ஃபில்லரிக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கடலூர் முதுநகர்:
வணக்கம். அமெரிக்கா, மெக்சிகோவில் பரந்த சோனோரன் பாலைவனத்து மஞ்சள் பூக்களைப் படிப்படியாக ஒப்பிட்டு இனங்காணும் திறவுகோல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். 'ஃபில்லரி'க்குத்தான் சொல் இல்லை. பல சிறுமலர் சேர்ந்து ஒரே பூப்போல் தெரியும் தலைமஞ்சரிக்கு அடியில் கிண்ணம்போல் நிற்கும் பச்சைச் செதில்கள் அவை. பூவைக் கவிழ்த்து அவற்றைப் பார்த்தாக வேண்டும். ஓரத்தில் நீண்ட வெண்மயிர் வரிசை இருந்தால் ஜெரேயா கேனசென்ஸ். பஞ்சுபோல் மயிர் மூடி, கனியில் தூவியே (மயிர்க்குச்சமே) இல்லையென்றால் பெய்லியா. இப்போதைக்குப் 'புறப்புல்லி' என்று போட்டிருக்கிறேன்.

வில்லியனூர்:
புல்லி வேண்டாம் ஐயா, அது ஒரு பூவின் வெளியிதழுக்குரிய சொல். தலைமஞ்சரியை ஒரே பூ என்று எண்ணி, அடியில் இருப்பதைப் புல்லிவட்டம் என்று எழுதுவதுதான் மாணவர்களின் முதல் பிழை. இக்குடும்பத்தில் புல்லி ஒவ்வொரு சிறுமலரிலும் தூவியாகவோ நுண்செதிலாகவோ குறுகிவிட்டது. பெய்லியாவில் அதுவும் இல்லை. 'பூம்பாளை' எப்படி? மலரும்வரை மூடிக் காக்கிறதே.

நெல்லிக்குப்பம்:
பாளையைத் தொல்காப்பிய மரபியல் 'புல்'லின், அதாவது தென்னைபோல் புறத்தே வயிரமுள்ளவற்றின், உறுப்பாக வைக்கிறது. தென்னைக்கும் கமுகுக்கும் உரியதைச் சாமந்திக்குச் சூட்டுவது மரபு வழு. ஃபில்லரியின் கிரேக்க வேர் சிற்றிலையைக் குறிக்கும். மரபியலில் இலை, தளிரோடு 'முறி'யும் வருகிறது. 'பூமுறி' என்க. இன்னொன்று: திறவுகோலில் பெய்லியாவுக்குப் 'பாலைச் சாமந்தி' என்று பெயரிட்டிருக்கிறீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்ததே பாலை. நிரந்தர வறள்நிலம் பாலை ஆகாது.

வில்லியனூர்:
சோனோரனுக்குக் குளிர்கால மழையும் கோடை மழையும் உண்டு. 'மணற்காடு' என்பதைவிடப் பாலையே நெருக்கம்.

முத்தியால்பேட்டை:
'பூமுறி' என்றால் மாணவர் காம்பை ஒடித்துவிடுவார். பாடநூலில் 'பூவடிச் செதில்' இருக்கிறதே, போதாதா? திறவுகோலில் மேலகோத்ரிக்ஸ் செடிக்கான பகுதியில் நம் கடற்கரை மணலில் படரும் எழுத்தாணிப் பூண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் கிள்ளினால் பால் வரும். எல்லாச் சிறுமலரும் நாவடிவம், நுனியில் ஐந்து பல்.

கடலூர் முதுநகர்:
ஒப்பீட்டைச் சேர்க்கிறேன். 'பூவடிச் செதில்' போதாது. ஜெரேயாவிலும் என்சீலியாவிலும் தலையைப் பிளந்தால், நடுவே உள்ள வட்டத்தட்டுச் சிறுமலர் ஒவ்வொன்றுக்கும் அடியில் தனியே ஒரு செதில் இருக்கும். உண்மையில் பூவின் அடியில் நிற்பது அதுதான். பெய்லியாவின் பூத்தளத்தில் (சிறுமலர்கள் அமரும் தட்டில்) அது கிடையாது. திறவுகோலின் ஒரு படியே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆகவே வெளியே இருப்பது 'சூழ்செதில்', உள்ளே 'தளச்செதில்' என்று பிரிக்கலாமா?

வில்லியனூர்:
பிரிக்கலாம். 'சூழ்செதில்' வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. 'சூழ்ச்செதில்' என்று அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை:
'வட்டச்செதில்' இன்னும் எளிது.

கடலூர் முதுநகர்:
செதிலே வட்டமாக இருக்கும் என்று படிப்பார்கள் அம்மா. ஜெரேயாவில் அது ஈட்டி வடிவம். மூவர் ஏற்றால் 'சூழ்செதில்' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் அருகே 'ஃபில்லரி' இருக்கட்டும்.

முத்தியால்பேட்டை:
சரி, நேரமில்லை. போடுங்கள்.

நெல்லிக்குப்பம்:
என் வாக்கு 'பூமுறி'க்கே. 'சூழ்' என்றதும் சூழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.