குத்துக்கொடி: அய்ரேன் திராட்சைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினின் லா மாஞ்சா மேட்டுநிலத்து வெள்ளைத் திராட்சையான அய்ரேன் பற்றிய கட்டுரையில், பந்தலோ கம்பியோ இல்லாமல் தானே நிற்கும் கொடிக்குப் ‘புதர்க்கொடி’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. புதர் என்பது ஆள் கை படாமல் மண்டிக் கிடப்பது. இந்தக் கொடியோ ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கண் (மொட்டு) எண்ணிக் கவாத்து செய்யப்படுவது, அதாவது கிளை வெட்டி ஒழுங்குபடுத்தப்படுவது. முழங்கால் உயரத்தில் தடித்த அடிமரம், அதன் தலையிலிருந்து சுற்றிலும் பிரியும் மூன்று நான்கு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் இரண்டு கண் விட்டு வெட்டிய குட்டைக் கிளை: இலையுதிர்ந்த பிறகு பார்த்தால் கொடி இவ்வளவுதான்.

நான் முன்வைப்பது ‘குத்துக்கொடி’. கொடி என்றாலே ஒன்றைப் பற்றிப் படர்வதுதானே, குத்துக்கொடி என்பது முரணாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரைப் பயிரும் கொடிதான்; ஆனாலும் பந்தல் அவரை, செடி அவரை என்று நம் உழவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். ‘குத்து’ என்ற முன்னொட்டும் புதிதன்று. சங்கிலியில் தொங்குவது தூக்குவிளக்கு, தரையில் தன் காலில் நிற்பது குத்துவிளக்கு. லா மாஞ்சாவின் கொடிக்கும் நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல் திராட்சைக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இதுவே.

ஸ்பானியர் இம்முறையை ‘வாசோ’ என்கிறார்கள். தண்ணீர் குடிக்கும் குவளைக்கும் அதே சொல்தான். கைகள் விரிந்து நடு வெறுமையாக இருப்பதால் வந்த பெயர் இது. ஆகவே கொடியைக் குத்துக்கொடி என்றும், அதை அவ்வடிவில் வெட்டுவதைக் ‘குவளைக் கவாத்து’ என்றும் இரண்டு சொற்களாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று நிற்கும் நிலையைச் சொல்வது, மற்றது வெட்டும் வகையைச் சொல்வது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. அய்ரேன் நெடுங்காலம் பரப்பளவில் உலகிலேயே அதிகம் பயிரிடப்பட்ட மதுத் திராட்சையாக இருந்தது. 2010ஆம் ஆண்டில்கூட அதன் பரப்பு சுமார் 2,50,000 ஹெக்டேர். ஆனால் இரண்டரை மீட்டருக்கு ஒன்றாகச் சதுர நடவு செய்தால் ஒரு ஹெக்டேரில் 1,600 கொடிகளே நிற்கும்; பிரான்சின் மேதோக் பகுதியிலோ அதே அளவு நிலத்தில் 10,000 கொடிகள் வரை நடுகிறார்கள். மழை குறைந்த அந்த மேட்டுநிலத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கு 1996 வரை சட்டத் தடையும் இருந்த நிலையில், ஒவ்வொரு கொடியும் தன் வேர் எட்டும் மண்ணின் ஈரத்தை மட்டுமே நம்பி நின்றது. கோடையில் தழை நாற்புறமும் தாழ்ந்து குலைகளையும் அடிமண்ணையும் வெயிலிலிருந்து மறைக்கும். இடைவெளி, உயரம், நிழல் எல்லாம் ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள். ‘புதர்’ என்ற சொல் அந்த ஏற்பாட்டையே கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது.

இயந்திர அறுவடைக்காக இப்போது பல தோட்டங்களில் வரிசையாகக் கால் நட்டுக் கம்பி கட்டிக் கொடியை மேல்நோக்கி ஏற்றுகிறார்கள். இந்த ‘எஸ்பால்தேரா’ முறைக்குப் பந்தல் என்ற சொல் பொருந்தாது. பந்தல் தலைக்கு மேல் விரிவது, இது சுவர்போல் நிற்பது. ‘கம்பித்தட்டி’ எனலாம்.

எஞ்சியிருப்பது இரண்டு கண் விட்ட அந்தக் குட்டைக் கிளை. ஸ்பானியர் அதைப் ‘புல்கார்’, அதாவது கட்டைவிரல், என்கிறார்கள். கையில் விரல் இருப்பது இயல்பு என்பதால் ‘விரற்கிளை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கவாத்துக் கத்தரி பிடித்துப் பழகிய கம்பம் பள்ளத்தாக்குத் தோட்டக்காரர்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் புழங்குமானால், அதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். என் சொல்லை நீக்கிவிட்டு அதையே இடலாம்.